சஸ்பென்ஷன் வேலை: வீட்டு வாசலில் எது, பட்டறையில் எது

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிறைய பேர் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: ஷாக்கப்சரை நாமே மாட்டினால் கூலி மிச்சம். அமெரிக்காவில் அது சரியான கணக்குதான். அங்கே பட்டறைக் கூலி ஒரு மணி நேரத்துக்கு 100 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். நம் ஊர் நிலவரம் வேறு. ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டிக்கு முன்பக்க ஷாக்கப்சர் இரண்டையும் மாற்ற தெருமுனை மெக்கானிக் வாங்கும் கூலி, பாகங்களின் விலைக்கு முன்னால் சின்னத் தொகை. நல்ல டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, ஒரு சாக்கெட் செட் என்று வாங்க ஆரம்பித்தாலே அந்தக் கூலியைத் தாண்டிவிடும்.

அப்படியிருந்தும் நாமே செய்வதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது: வேலை சுத்தம். புதுப் பாகம் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மூன்று நான்கு விஷயங்கள், அவசரத்தில் ஓடும் பட்டறையில்தான் விடுபட்டுப் போகின்றன. அதே நேரம், வீட்டு வாசலில் தொடவே கூடாத வேலையும் இதே சஸ்பென்ஷனில் இருக்கிறது. எந்த நட்டு வரை நாம் கழற்றலாம், எந்த நட்டிலிருந்து பட்டறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கே சொல்வதெல்லாம் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக்கப்சரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) பின்னால் டார்ஷன் பீமும் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) உள்ள சின்ன வண்டிகளுக்கு. ஸ்விஃப்ட், ஐ10, ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாம் இந்த வகை. இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்ப்பியோ மாதிரி தனிச் சேஸிஸ் வண்டிகளின் வேலை வேறு.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

சஸ்பென்ஷனில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, தவறான பாகத்தை மாற்றுவதில்தான் போகிறது. சத்தம் கேட்டதும் "ஷாக்கப்சர் போயிடுச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் 'கடகட'வென்று வந்தால் பெரும்பாலும் அது லிங்க் ராட் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டு). இருக்கிறதிலேயே விலை குறைந்த பாகம். சந்தேகமிருந்தால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு, அதே தெருவில் நடக்கிற வேகத்தில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் விடை கிடைத்தாயிற்று. அப்படியே மெயின் ரோட்டுக்குப் போய்விடாதீர்கள், வளைவில் வண்டி அதிகமாகச் சாயும்.

பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு 'டொக்' கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கையிலுள்ள ரப்பர். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் மேல் மவுண்டில் (ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு பிடிக்கும் பாகம்) இருக்கும் பேரிங். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் லேசாகக் கை வைத்துப் பார்த்தால் அந்தத் துள்ளல் விரலில் தெரியும்.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டா (லோயர் ஆர்மின் நுனியிலுள்ள உருண்டை மூட்டு), வீல் பேரிங்கா என்று குழம்ப வேண்டாம். உள்ளே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட். பிரேக் பிடிக்கும்போது ஹப்பும் (சக்கரம் மாட்டும் பாகம்) நக்கிளும் (அந்த ஹப்பைத் தாங்கும் இரும்பு) ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங்கின் லூஸ் மறைந்துவிடுகிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் லூஸ் தெரிந்தால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) பக்கம் பாருங்கள்.

ஷாக்கப்சர் நிஜமாகவே போய்விட்டதா? உடம்பில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அது பழுது இல்லை. எண்ணெய் கீழே வழிந்து ஈரமாக இருந்தால் பழுது. டயரின் மேற்பரப்பில் அங்கங்கே குழி விழுந்த மாதிரித் தேய்மானம் இருந்தாலும் அதே சந்தேகம்தான். பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் சோதனையை நம்பாதீர்கள். முழுக்கச் செத்துப்போன ஷாக்கப்சரை மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கும்.

பாகம் வாங்கும்போது

ஷாக்கப்சரை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று ஓட்டினால் திடீர் பிரேக்கில் வண்டி ஒரு பக்கமாக நடந்துகொள்ளும். கூடவே மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக்கப்சர் அடிவரை போய் முட்டாமல் தடுக்கும் ரப்பர்), டஸ்ட் கவர் நான்கையும் வாங்கிவிடுங்கள். இதில் சிக்கனம் பிடிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். கிழிந்த டஸ்ட் கவர் வழியாக மண் ஷாக்கப்சர் ராடில் ஏறி, குரோம் பூச்சைக் கீறி, சீலைத் தின்றுவிடும். விலை உயர்ந்த பாகத்தை அற்ப விலைக் கவர் கொன்றுவிடுகிறது. ஸ்பிரிங் உடையாமலும் தணியாமலும் இருந்தால் பழையதே போதும்.

கம்பெனிப் பாகம் வாங்கலாம். கேப்ரியல், மன்றோ, கேஒய்பி இவையும் நல்லவை. கேப்ரியலுக்கு ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. டை ராட் எண்ட், பால் ஜாயின்டுக்கு ரானே. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. பெட்டியில் பழைய விலை அச்சடித்திருந்தால் கேளுங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய நக்கிள், பிராக்கெட் வாங்கினால் தப்பில்லை. பழைய ஷாக்கப்சரும் பால் ஜாயின்டும் மட்டும் வேண்டாம். ஓட்டை போட்டு எண்ணெய் நிரப்பி வெல்டிங் வைக்கும் 'ரீகண்டிஷன்' ஷாக்கப்சரும் வேண்டாம்.

முன்பக்க ஸ்ட்ரட்டில் இடது வலது உண்டு. பிரேக் ஹோஸ் பிடிக்கும் பிராக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பழையதோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வாருங்கள். நைலான் வளையம் உள்ள நட்டுகளைத் திரும்பப் போடாமல் புதுசு வாங்குங்கள். ஒருமுறை கழற்றியதும் அதன் பிடி குறைந்துவிடும்.

பின்பக்கத்தில் தொடங்குங்கள்

முதல் தடவை கை வைப்பவர்களுக்குப் பின்பக்க ஷாக்கப்சர்தான் ஏற்றது. இந்த வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக்கப்சர் தனி. ஸ்பிரிங்கை அமுக்கும் வேலையே இல்லை. உங்கள் வண்டியில் ஸ்பிரிங் ஷாக்கப்சரைச் சுற்றியே இருந்தால் அது முன்பக்க வேலைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

சமமான, கெட்டியான தரை வேண்டும். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை நம்ப வேண்டாம், அது பிடிப்பது நீங்கள் தூக்கப் போகும் பின்சக்கரத்தை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். வண்டியோடு வந்த ஜாக்கியில் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் கையை விடாதீர்கள். அது ஸ்டெப்னி மாற்றக் கொடுத்தது. பாடியின் கெட்டியான இடத்தில் ஸ்டாண்டு கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் சைடு சில்லுக்கு (கதவுக்குக் கீழுள்ள பாடி ஓரம்) அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் அது தாங்கும்.

இன்னொரு ஜாக்கியை ஆக்ஸில் பீமுக்கு (அந்த டார்ஷன் பீம்தான்) அடியில் வைத்து லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். இதை மறந்தால் ஷாக்கப்சர் போல்ட்டைக் கழற்றியதும் பீம் தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங்கும் நழுவி விழும். கீழே ஒரு போல்ட்டு. மேலே சில வண்டிகளில் வீல் ஆர்ச்சுக்குள், சில வண்டிகளில் டிக்கிக்குள் டிரிம்முக்குப் பின்னால். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கடற்கரை ஓரத்து வண்டிகளுக்கு இது கட்டாயம். காய்ந்த துருவில் வலுவாகத் திருகினால் போல்ட்டு முறியும், அல்லது பாடிக்குள் பற்றவைத்திருக்கும் நட்டு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அப்படிச் சுற்றினால் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

புது ஷாக்கப்சரை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, முழுக்க அமுக்கி முழுக்க இழுத்து நான்கைந்து தடவை செய்யுங்கள். கடையில் படுக்கப் போட்டிருந்ததில் உள்குழாயில் காற்று ஏறியிருக்கும். அதை வெளியேற்றாமல் மாட்டினால் முதல் நாள் 'பொளக் பொளக்' என்று சத்தம் கேட்டு, பாகமே டூப்ளிகேட் என்று சந்தேகம் வரும்.

முன்பக்கம்: அந்த நடு நட்டு

முன் ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து இறக்குவது வரை வீட்டிலேயே செய்யலாம். லிங்க் ராடின் நட்டைத் திருகும்போது உள்ளிருக்கும் உருண்டையும் சேர்ந்து சுற்றும். ஸ்டட்டின் நுனியிலுள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர் இரண்டையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். நக்கிளைப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளைத் தொடும் முன், ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். போல்ட்டுத் துளையில் இருக்கும் சின்ன இடைவெளியில் நக்கிள் சாய்ந்தாலே கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) மாறிவிடும். பழைய ஸ்ட்ரட்டைத் திரும்ப மாட்டும்போது கோடு அப்படியே உதவும். புதுசு மாட்டும்போது தோராயமாக அருகில் கொண்டுவரும்.

போல்ட்டு வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதை விட்டுவிட்டால் டிரைவ் ஷாஃப்ட் இழுபட்டு உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளும், பிரேக் ஹோஸும் முறுக்கிக்கொள்ளும். ஒரு கட்டுக்கம்பியால் நக்கிளை உள்பக்கமாகக் கட்டிவையுங்கள். மேலே பெரும்பாலும் 2 அல்லது 3 நட்டு இருக்கும், சில வண்டிகளில் வைப்பர் கவுலை (முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள மூடி) கழற்றினால்தான் கண்ணில் படும். ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கிக்கொண்டு கடைசி நட்டை எடுங்கள்.

நடுவில் தெரியும் நட்டை இப்போது தொடக்கூடாது. அது ஷாக்கப்சர் ராடின் நட்டு. ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது. சில வண்டிகளில் மேல் மவுண்டே ஒற்றை நடு நட்டில் பாடியோடு நிற்கும். அந்த வகையா என்று சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் ஸ்பேனர் போடாதீர்கள். ஆயிரம் கிலோ வண்டியின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னால் இருப்பதால், தரையில் நிற்கும்போது ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் 250 முதல் 300 கிலோ தாங்குகிறது. இறக்கி வைத்த பிறகு அவ்வளவு இருக்காது, ஆனால் மிச்சமிருக்கும் விசையே தாடையை உடைக்கப் போதும்.

ஆகவே என் தீர்மானம் இது: ஸ்ட்ரட்டை இறக்குங்கள், புது ஷாக்கப்சர், மவுண்ட், பேரிங் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஸ்ட்ரட்டையும் எடுத்துக்கொண்டு, சுவரில் பொருத்திய ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள பட்டறைக்குப் போங்கள். இரண்டு ஸ்ட்ரட்டையும் பிரித்து மாற்ற அவர்களுக்குப் பெரிய நேரம் ஆகாது, கூலியும் கொஞ்சம்தான். கொக்கி வகைக் கம்ப்ரஸரை வாங்கி வீட்டில் முயற்சி செய்வது இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். கொக்கி வழுக்கினால் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்தில் நின்று இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நடு நட்டைக் கழற்றும்போது ராட் சுற்றாமல் இருக்க பழைய ராடைப் பிளையரால் பிடித்தால் பரவாயில்லை. புது ராடைப் பிளையரால் பிடிக்கவே விடாதீர்கள். பளபளக்கும் அந்தக் குரோமில் ஒரு கீறல் விழுந்தால், ராட் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு தடவையும் சீலை அறுக்கும், சீக்கிரமே எண்ணெய் கசியும். ராடின் நுனியில் ஆலன் கீ போட்டுத்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவது, ஸ்பிரிங்கின் கீழ் நுனி, தட்டிலுள்ள படியில் சரியாக முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் வண்டியை இறக்கியதும் 'டொங்' என்று திரும்பும். ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகும் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

லோயர் ஆர்ம் புஷ்ஷை ஏன் இவ்வளவு பேர் திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள்

இந்தப் பதிவு எழுதியதே முக்கியமாக இதற்காகத்தான்.

புஷ்ஷை வெட்டிப் பார்த்தால் வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். பெரும்பாலான புஷ்ஷில் ரப்பர் இரண்டு பக்கமும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது உள்குழாய் பாடி பிராக்கெட்டோடு கெட்டியாகப் பிடிபட்டுவிடும், அப்புறம் அது சுற்றாது. சக்கரம் மேலே கீழே போகும்போது ஆர்ம் திரும்புகிறது அல்லவா, அந்தத் திருப்பம் முழுவதையும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு தாங்குகிறது.

பட்டறையில் வண்டி லிஃப்டில் நிற்கிறது, சக்கரங்கள் தொங்குகின்றன, ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையிலேயே ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று இறுக்கிவிடுகிறார்கள். தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இப்போது ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வருகிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது. அதற்கு மேல் ஸ்பீட் பிரேக்கர், பள்ளம் எல்லாம் கூடுதல் முறுக்கு. சில மாதங்களில் ரப்பர் கிழிந்து, மறுபடியும் 'டொக்'. கடைக்காரரைத் திட்டுவார்கள், பாகத்தைத் திட்டுவார்கள். பாகத்தின் மேல் தப்பே இல்லை.

வழி எளிது. வேலை தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போது, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் ஓரம் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 36 செ.மீ. என்று வையுங்கள். ஆர்மை மாட்டும்போது புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி விடுங்கள். மற்றதெல்லாம் முடிந்த பிறகு, பால் ஜாயின்டுக்குப் பக்கத்தில் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஹப் மையத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே அதே 36 செ.மீ. வரும் வரை தூக்குங்கள். வண்டியின் பாரம் ஸ்டாண்டிலிருந்து ஜாக்கிக்கு மாறுவது தெரியும். ஸ்டாண்டை எடுத்துவிடாதீர்கள். அந்த உயரத்தில் வைத்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பின் ஷாக்கப்சரின் கீழ்ப் போல்ட்டுக்கும், ஆக்ஸில் பீம் புஷ்ஷுக்கும் இதே விதி. பட்டறைக்குக் கொடுத்தாலும் இந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: "அண்ணே, புஷ் போல்ட்டை வண்டி கீழே இறங்குன அப்புறம் டைட் பண்ணுங்க." பள்ளத்தில் இறங்கி வேலை செய்யும் பட்டறை என்றால் அவருக்கு இது இன்னும் சுலபம்.

புஷ்ஷை மட்டும் மாற்றுவதென்றால் பிரஸ் வேண்டும், அது லேத் பட்டறை வேலை. சுத்தியலால் அடித்து ஏற்றினால் வளையம் நசுங்கும். புஷ்ஷில் அம்புக்குறியோ குறியோ இருந்தால் பழையது எந்தத் திசையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும் வண்டியில், புஷ்ஷும் போய் ஜாயின்டும் லூஸ் என்றால் முழு ஆர்மாக மாற்றிவிடுவதே நல்லது. பால் ஜாயின்டைப் பிடிக்கும் குறுக்குப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுக்க வெளியே எடுக்க வேண்டும். அது ஸ்டட்டிலுள்ள பள்ளத்தில் மாட்டியிருக்கும்.

டை ராட் எண்டுக்குக் கூர்ப்பிளவுள்ள முள்கரண்டி மாதிரிக் கருவியைப் போட்டால் ரப்பர் உறை கிழியும். நட்டைப் பாதி தளர்த்தி விட்டு, நக்கிளின் காதுப் பகுதியில் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு பலமான அடி கொடுத்தால் கூம்பு விட்டுவிடும். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். அலைன்மென்ட் கடை வரை வண்டி நேராகப் போக அது போதும்.

இறுக்கம்

டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை உணர்வில் இறுக்குவது எந்த அளவு என்று ஒரு கணக்கு: 40 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ பலம் கொடுத்தால் 10 கிலோகிராம்-மீட்டர், அதாவது சுமார் 98 நியூட்டன் மீட்டர். மாருதி சின்ன வண்டிகளின் சக்கர நட்டுக்குக் கேட்பது 85 முதல் 100 வரை. சில வண்டிகளில் லிங்க் ராட் நட்டுக்கு இதைவிடக் குறைவே போதும், அங்கே அதே பலம் கொடுத்தால் மரை போய்விடலாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைப் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் அதே டார்க்கில் போல்ட்டு அதிகமாக இழுபடும்.

சஸ்பென்ஷனில் நக்கிள் போல்ட்டையோ டை ராடையோ தொட்டிருந்தால் வீல் அலைன்மென்ட் அன்றைக்கே செய்ய வேண்டும். பின் ஷாக்கப்சரோ லிங்க் ராடோ மட்டும் மாற்றியிருந்தால் தேவையில்லை. அலைன்மென்டுக்குப் போகும் முன் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்துவிடுங்கள், டிக்கியில் கிடக்கும் மூட்டையை இறக்கிவிடுங்கள். முன்பும் பின்பும் உள்ள அளவுகளை அச்செடுத்துக் கேளுங்கள். டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பச்சையில், அதாவது சரியான வரம்பில் இருந்தும், இடது வலது கேம்பருக்கு நடுவே வித்தியாசம் அதிகமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அப்போது நக்கிள் போல்ட்டைத் தளர்த்தி, அந்தத் துளை இடைவெளியிலேயே நக்கிளை நகர்த்தி அவர்கள் சரிசெய்ய முடியும், கேட்டால் செய்வார்கள். திரும்பி வந்து 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். நக்கிள் போல்ட்டுகளையும் குனிந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள், தளர்ந்திருக்கக் கூடாது.